நின்ற இடத்தில் நாலு கிலோமீட்டர்

எங்கள் வீட்டுக்கு வந்த சைக்கிளுக்குச் சக்கரம் ஒன்றுதான். அதுவும் தரையைத் தொடாது. டெம்போவில் வந்த இரண்டு ஆட்கள் அட்டைப்பெட்டியை மூன்று மாடி சுமந்து வந்து கூடத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். அவர்களில் ஒருவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கோயமுத்தூரிலிருந்து வந்து நாங்கள் பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் குடியேறி எட்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் கோவையில் என் அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் கியருக்குப் பல் வெட்டும் மெஷினை ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிட அதோடு குடித்தனம் நடத்தினார் என்பதே பொருத்தம். பட்டறையில் இருபது மெஷின் ஒன்றாக ஓடும்போது, எதில் பேரிங் காய்ந்திருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே காதால் கேட்டுச் சொல்வாராம். வீட்டில் நான் பத்துத் தடவை கூப்பிட்டாலும் அதே காதில் விழாது.

அந்த வருஷம் மார்ச்சில் அவருடைய ஸ்கூட்டர் ஒரு திருப்பத்தில் மண்ணில் வழுக்கியது. வலது தொடை எலும்பு, முழங்காலுக்குச் சற்று மேலே, இரண்டாக உடைந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் படுக்கை. கட்டை அவிழ்த்தபோது வலது கால் இடது காலுக்குத் தம்பி மாதிரி இளைத்துக் கிடந்தது. எலும்பு கூடிவிட்டது, இனிமேல் சதை ஏற வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், வீட்டிலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆபரேஷன் செய்தவர் சொன்னார்.

அவருக்கு வலியைப் பற்றிக் கவலையில்லை. தொழிற்சாலையின் விதிதான் அவரைத் தூங்கவிடவில்லை. மெஷினில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். அடிபட்டவர் திரும்பி வர வேண்டுமென்றால், தயாரானதும் தானே எழுதிக் கேட்க வேண்டும். தொழிற்சாலை டாக்டர் ஒரே ஒரு முறை சோதிப்பார். தகுதி என்று எழுதினால் மெஷின் அவருக்கு. இல்லை என்று எழுதினால் மீதி சர்வீஸ் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். மெஷின் வேறு ஆள் கைக்குப் போய்விடும். ஒரு கையெழுத்தில் தன் பாதி உயிர் போய்விடும் என்று அவர் நினைத்தார். அதில் மிகை ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

சைக்கிளை நான்தான் பூட்டினேன். அவரால் குனிய முடியாது. கை என்னுடையது, வாய் அவருடையது. தரையில் மராத்தி செய்தித்தாளை விரித்து, பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். இரும்புக் கால்கள் இரண்டு, சீட்டு, கைப்பிடி, பெடல்கள், ஒரு பொட்டலம் நிறைய நட்டு, போல்ட், வாஷர். அடியில் இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது.

"இதுல எப்படிப் பூட்டறதுன்னு எல்லாம் போட்டிருக்குதுங்க" என்றேன்.

"காயிதத்தப் பாத்துப் பூட்டறதுக்கு நானென்ன கத்துக்குட்டியா? அதை அக்கட்டால வை. மொதல்ல பின்கால். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எடு."

பின்கால் வந்தது, முன்கால் வந்தது. கைப்பிடியைத் தலைகீழாக மாட்டினேன். திட்டு வாங்கிக்கொண்டு கழற்றினேன். இடது பெடலைத் திருகும்போது அது உள்ளே போக மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கித் திருகப் பார்த்தேன். கட்டிலிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"நிறுத்து, நிறுத்து! இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். அப்படி முறுக்கினா மரையை அறுத்துப்போடும்."

"அதை முன்னாலயே சொல்றதுக்கென்னங்க? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவர் சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு பெடலையும் தப்பாகத் திருகியிருப்பேன், ஆனால் பெடல் இரண்டுதான்.

பூட்டி முடித்தும் சைக்கிள் ஆடியது. எங்கள் கூடத்துத் தரை குளியலறைப் பக்கமாகச் சற்று சரிந்திருக்கும். அந்த அச்சடித்த தாளை எட்டாக மடித்து முன்காலுக்கு அடியில் அண்டக் கொடுத்தேன். ஆட்டம் நின்றது. அதற்காவது உதவியதே என்று இருவரும் திருப்திப்பட்டோம்.

சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு தடித்த நாடா ஓடும். கைப்பிடிக்குக் கீழே உள்ள குமிழைத் திருகினால் நாடா இறுகிச் சக்கரத்தைப் பிடிக்கும், மிதிப்பது கனக்கும், தளர்த்தினால் லேசாகும். இந்தக் கனத்தில் மிதித்தால் போதும் என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுத்தவர் வந்து காட்டிவிட்டுப் போனார். அந்த இடத்தில் குமிழை நிறுத்தி, என் நகப்பூச்சை வாங்கி அதில் சிவப்பாக ஒரு கோடு போட்டார் என் வீட்டுக்காரர். அந்தக் கோட்டை யாரும் அசைக்கக் கூடாது. அளவு மாறினால் கால் தேறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்பார். நூலளவில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கியரைத் தூக்கி எறிகிற மனிதர், தன் காலையும் அப்படித்தான் அளந்தார்.

கைப்பிடி நடுவே ஒரு சின்ன மீட்டர் இருந்தது. எத்தனை கிலோமீட்டர் மிதித்திருக்கிறோம் என்று காட்டும். எங்கள் வீட்டிலிருந்து தொழிற்சாலை வாசல் சரியாக நாலு கிலோமீட்டர். முதல் நாளே அவர் முடிவு செய்துவிட்டார், தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவது என்று. அரை கிலோமீட்டரில் பால் பூத். ஒன்றில் பேக்கரி. இரண்டில் ரயில்வே மேம்பாலம். மூன்றில் சிக்னல். நாலில் கேட். நான் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பேன்.

"எங்க வரைக்கும் போனீங்க?"

"பால் பூத் தாண்டலை."

முதல் வாரம் முழுக்கப் பால் பூத்திலேயே நின்றார். "பாலாவது வாங்கிட்டு வரக்கூடாதுங்களா?" என்பேன். மழை பிடித்த பிறகு பேக்கரி வந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் மேம்பாலத்தின் அடிவாரத்தைத் தொட்டுவிட்டுச் சட்டை நனைய இறங்கினார். அதற்கு மேல் நகரவில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம், தினமும் மேம்பாலம். அங்கே போனதும் தொடை நடுங்கும், பல்லைக் கடிப்பார், மீட்டரைப் பார்ப்பார், நிறுத்துவார். எழுதிக் கேட்கிற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பாதித் தூக்கத்தில் இருப்பது போலவே இருக்கிறது. பூனா மழை கோயமுத்தூர் மழை போல வந்தோம் கொட்டினோம் என்று போகாது. நாள் கணக்கில் நின்று தூறும். மேகம் மூன்றாவது மாடி பால்கனிக் கம்பிவரை இறங்கி வந்து நிற்கும். காயப்போட்ட துணி நாலு நாளைக்குக் காயாது. எதிர்க் கட்டடம் இருக்கும், இல்லாமல் போகும், மறுபடி இருக்கும். அந்த வெள்ளைக்குள் எங்கோ லோக்கல் ரயில் ஊதிவிட்டுப் போகும். கூடத்திலிருந்து சக்கரம் சுழலும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அரிசி களைந்துகொண்டிருக்கிற எனக்கு, அவர் உண்மையிலேயே மழையில் போய்க்கொண்டிருக்கிறார் என்று தோன்றிவிடும். குடை எடுத்துக்கொண்டாரா என்று ஒரு கணம் பதறியிருக்கிறேன். வெட்கக்கேடு, யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் யாரிடமும் சொன்னதில்லை. மதியம் அவர் மாத்திரை போட்டுத் தூங்கும்போது நான் அதில் ஏறுவேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று எங்கள் வீட்டில் கற்றுக்கொடுக்கவில்லை. இது விழாத சைக்கிள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பேன். சக்கரம் கிளப்புகிற காற்று கணுக்காலில் படும். எந்த ஊர் என்று சொல்லத் தெரியாத ஒரு சாலை வரும். இரண்டு பக்கமும் ஈரமான புல், ஆள் நடமாட்டம் இல்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லை. மூன்று நிமிஷம்தான். அந்தக் கனத்துக்கு அதற்குள் என் தொடை கடுத்துவிடும். கண்ணைத் திறந்தால் எதிரே காலண்டரும் சுவிட்சுப் பலகையும் இருக்கும். மீட்டரைப் பழைய எண்ணுக்குத் திருப்பி வைக்கத் தெரியாததால், மறுநாள் காலை அவர் கிளம்புமுன் எண்ணைக் குறித்துக்கொண்டு, "இது என்ன, ராத்திரி தானா ஓடுதா?" என்பார். எனக்கென்ன தெரியும் என்று முறைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு வைத்தியம். அவர் கண்ணை மூடிக் கட்டிலில் சாய்ந்துகொள்வார். நான் கையால் பெடலைச் சுற்றுவேன். "இடது பக்கம் அச்சு தளர்ந்திருக்குது" என்பார். முறுக்குவேன். "சீட்டுக்கு அடியில வாஷர் தேஞ்சுபோச்சு." மாற்றுவேன். கைப்பிடியில் வடிந்த வியர்வையைத் துடைக்காவிட்டால் அந்த ஈரக் காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். செயினுக்கு மட்டும் மாதம் ஒரு முறை அவரே சொட்டு எண்ணெய் விடுவார். நாடாவைக் காய்ந்த துணியால் துடைப்பார். ஏன் அதற்கு எண்ணெய் இல்லை என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அப்புறம் நவராத்திரி வந்தது. ஆயுத பூஜை என்றால் எனக்குக் கை நிற்காது. நான் பிறந்த வீட்டில் விசைத்தறி உண்டு. பூஜைக்கு முதல் நாள் தறியைத் துடைத்து எண்ணெய் போடுவது பெண்களுடைய வேலை. ஆடுகிற இடம், சுழல்கிற இடம், உரசுகிற இடம், ஒன்றுவிடாமல் எண்ணெய் காட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாளாவது இரும்பு வயிறார எண்ணெய் குடிக்க வேண்டும் என்பார்கள். நவமியன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் தையல் மெஷினுக்கும், கிரைண்டருக்கும், அவருடைய டூல் பெட்டிக்கும் எண்ணெய் போட்டேன். சைக்கிளுக்கும் போட்டேன். ஆடுகிற இடம், சுழல்கிற இடம். உரசுகிற இடம் எது என்று பார்த்தேன். நாடாதான் சக்கரத்தில் நன்றாக உரசிக்கொண்டிருந்தது. பாவம், இதற்கு யாரும் ஒரு சொட்டும் கொடுக்கவில்லையே என்று தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஊற வைத்தேன். பிறகு சந்தனம், குங்குமம், கைப்பிடியில் சாமந்திச் சரம். பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால் அன்று அவர் ஏறவில்லை. எண்ணெய்க்கு முழுதாக ஒரு நாள் கிடைத்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார். நான் பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் சத்தம் கொஞ்ச நேரத்தில் உயர்ந்தது. பால் பூத் என்று கத்தினார். நான் வெளியே வருவதற்குள் பேக்கரி என்றார். மேம்பாலம் வந்தது, போனது. அவர் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. குனிந்து குமிழைப் பார்த்தார். சிவப்புக் கோடு போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் விரிந்தது. சிக்னல். அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். மீட்டரில் நாலாவது கிலோமீட்டர் விழுந்தபோது நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"கேட் வந்தாச்சு" என்றார். அப்புறம், "திரும்பியும் வந்துடறேன்" என்று வீட்டுக்கும் மிதித்தே வந்தார்.

அன்று அவர் ஊன்றி நடக்கும் தடியை எடுக்காமல், கைப்பிடிச் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். தசராவுக்கு இங்கே ஆப்டா இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு வீடு விடாமல் போய் இலை கொடுத்தார். எதிர் வீட்டு மராத்திக்கார அம்மாளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் காக்கூ என்றுதான் கூப்பிடுவோம். கதவைத் திறந்தவர் இவரைப் பார்த்து வாயில் கை வைத்தார். "அரே வா! பாய் பரா ஜாலா?" கால் சரியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் பேன்ட்டைத் தட்டிக் காட்டி, "ஏக்தம் பரா" என்றார். அந்தச் சாயங்காலமே தன்னைச் சோதிக்கக் கேட்டு விண்ணப்பம் எழுதி, அதே தொழிற்சாலைக்குப் போகிற இரண்டாம் மாடிக்காரரிடம் கொடுத்துவிட்டார். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். நாள் முழுக்கச் சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அவர் தூங்கியதும் நான் ஏறினேன். மழை போய், வெயில் மஞ்சளாக விழ ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடி மிதித்தேன். என் சாலை வந்தது, புல் வந்தது, என்றும் இல்லாமல் வேகமாக வந்தது. சுகமாக இருந்தது. காலே இல்லாமல் போவது போல இருந்தது. ரொம்ப நேரம் போனேன். நான் எப்போதும் இளைத்து நிற்கிற இடம் எங்கோ பின்னால் போய்விட்டதைத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

கண்ணைத் திறந்தேன். எனக்குக் கால் உடையவில்லை. உடையாத காலுக்குத் தேற என்ன இருக்கிறது? எனக்கு எப்படி இது லேசாயிற்று?

இறங்கி நாடாவைத் தொட்டேன். விரல் வழுக்கியது. சைக்கிளைச் சற்றுத் தூக்கி முன்காலுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவினேன். என் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற இங்கிலீஷ்தான். ஆனாலும் அந்த வரி பெரிய எழுத்தில் இருந்தது: நாடாவுக்கு எண்ணெய் போடாதீர்கள், பிடிமானம் போய்விடும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருந்தால் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர் எழுந்து வந்து, டீ குடித்துவிட்டு, ஏழு மாதமாக மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். போட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று இருந்தேன். மறுநாளும் அவர் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து சிரித்தார், நானும் சிரித்தேன். பேரிங் காய்வதைக் காதால் கண்டுபிடிக்கிற மனிதருக்கு நாடா வழுக்குகிற சத்தம் எப்படிக் கேட்காமல் போயிற்று என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நீங்களே கண்டுபிடித்துத் தொலையுங்களேன் என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். அவருக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று அவருடைய உடம்பு முழுக்க முடிவெடுத்திருந்தது என்று இப்போது புரிகிறது.

ஆறாம் நாள் சாயங்காலம் இரண்டாம் மாடிக்காரர் பதில் கொண்டுவந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் பார்ப்பார். பதில் கொண்டுவந்தவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஏனுங்க, நாடாவுக்கு நான் எண்ணெய் போட்டுட்டனுங்க. பூஜையன்னைக்கு."

அவர் எழுந்து போய் நாடாவில் உள்ளங்கையை வைத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாளாத் தெரியுமுங்க."

அவர் ஸ்பேனர் எடுத்து நாடாவைக் கழற்றிக் கொடுத்தார். வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு மூன்று முறை துவைத்தேன். சக்கரத்தைச் சோப்புத் துணியால் துடைத்தேன். நாடாவை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காய வைத்தேன். மாட்டினார். சிவப்புக் கோட்டில் குமிழை நிறுத்தினார். ஏறினார். பால் பூத் வந்தது, பேக்கரி வந்தது. மேம்பாலத்தில் தொடை நடுங்கியது. இறங்கிவிட்டார்.

"நாளைக்குப் போக வேண்டாமுங்க. காய்ச்சல்னு சொல்லிப்போடலாம்."

"சொல்லிப்போட்டு? இந்தப் பாலத்துலயே நான் எத்தனை மாசம் நிக்கறது?" என்றார். "போய்ப் பாத்துடறேன். எனக்கும் தெரியோணும்."

போனார். நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனார். டாக்டர் அறையில் ஒரு மரப்படி இருக்கிறது. முப்பது முறை ஏறி இறங்க வேண்டும். பத்தொன்பதாவது முறை முழங்கால் மடங்கிவிட்டது, மேஜையைப் பிடித்துக்கொண்டாராம். டாக்டர் நல்ல மனிதர், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் எழுதினாராம். உட்கார்ந்து செய்யும் வேலை, நிரந்தரமாக.

அதற்குப் பிறகு அவர் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில், ஒரு ஸ்டூலில், ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகும் பல வருஷம். கால் நல்ல முறையில் தேறியது. மறு வருஷமே தடியில்லாமல் நடந்தார். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மறு சோதனை கிடையாது. சைக்கிளுக்கு மூன்று முறை நாடா மாற்றினோம், ஒரு முறை பெடல். ஆயுத பூஜைக்குச் சாமந்திச் சரம் மட்டும் போடுவேன், எண்ணெய்க் குப்பியை அந்தப் பக்கமே கொண்டுபோவதில்லை. எனக்குக் கோபம் வருவதும் குறைந்துபோயிற்று. யார் மேல் வருவது?

அன்று டாக்டரிடமிருந்து திரும்பி வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் காபி வைத்தேன். தொடவில்லை. வெயில் கூடத்தின் பாதிவரைக்கும் வந்து கிடந்தது.

"திட்டுங்களேன்" என்றேன். "நாலு வார்த்தை திட்டித்தான் தொலையுங்களேன். நாந்தானுங்க கெடுத்தேன். எண்ணெயும் போட்டு, தெரிஞ்சும் வாயை மூடிட்டு."

"எண்ணெய் போட்டது தெரியாம போட்டே" என்றார். "மூணு நாள் எம் மூஞ்சியப் பாத்துட்டு எப்படி இருந்தே?"

நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடிக்கிறவரை காத்திருந்தார்.

"நான் நெம்ப சந்தோசமா இருந்தேன், இல்ல?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எப்படி இருந்தேன்? சொல்லு."

முதலில் எனக்குப் புரியவில்லை. கேலி செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஊரில் இல்லாதபோது நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

சொன்னேன். பேக்கரி என்று நீங்கள் கத்தியதில் சேமியா கருகிவிட்டது என்றேன். படி இறங்கும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில், பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டீர்கள், அது உங்களுக்கே தெரியாது என்றேன். இலை கொடுக்கையில் காக்கூவின் பேரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள், இரண்டு காலிலும் சமமாக நின்றீர்கள் என்றேன். அன்று சாப்பிட உட்கார்ந்து மூன்று முறை ரசம் வாங்கினீர்கள் என்றேன். அவர் தலையை அசைத்துக்கொண்டே கேட்டார். எனக்குத் தெரியவந்த அந்த மூன்றாம் நாளின் காலைவரை சொன்னேன். அதற்கு மேல் நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.